அத்தானின் ஐம்பத்தெட்டு நிமிடம்

ஜனவரி 11

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு வருடங்களில் நீ எழுதிய எல்லாக் கடிதங்களும் வந்தன. தபால்காரர் மேல் குற்றம் இல்லை. நான் பதில் போடாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டில் காரணங்கள் சீக்கிரம் மறந்துபோகும் என்பதால் ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

உன் மகளின் கல்யாணம். குடும்பப் படம் எடுக்க எல்லோரும் மேடையில் வரிசையாக நின்றாகிவிட்டது. போட்டோக்காரன் சாப்பிடப் போய்விட்டான். உன் கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மண்டபம் நிறைய ஆட்கள். அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, இந்தா, நீ எடு" என்று கேமராவைக் கையில் திணித்தார். எடுத்தேன். பெண்ணுக்கு ஒரே தாய்மாமன் நான். இன்று உங்கள் ஹாலில் தொங்கும் அந்தப் படத்தில் உன் கணவரின் ஆணிக்கடையில் மூட்டை இறக்குகிறவர் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். யாரென்றே தெரியாத ஓர் ஆள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பல்லைக் காட்டுகிறார். நான் இல்லை. நான் இல்லாதது படம் வந்து மூன்று மாதம் வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அந்தப் படம் தொங்குகிற வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று அன்று சொன்னேன். இன்றும் அதேதான். கழற்றிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். கழற்றக் கூடாது. கழற்றினால், "தம்பி சண்டை போட்டுக் கழற்ற வைத்தான்" என்று இன்னொரு பேச்சு கிளம்பும். எனக்கு இருக்கிற பெயர் போதும்.

இப்போது எழுதுவது நீ உறையில் வைத்திருந்த துண்டுச்சீட்டுக்காக. "புதியவர்களுக்கான இலவச ஓட்டம், ஐந்து கிலோமீட்டர், யாரும் வரலாம்." இருபத்தேழு வருடமாக ஊரில் உள்ள தராசுக்கெல்லாம் எடை சரிபார்த்து முத்திரை போட்டுக் காலம் கழிப்பவன் என்ற முறையில் கேட்கிறேன். ஐந்து கிலோமீட்டர் என்று அளந்தது யார்? எதை வைத்து அளந்தார்கள்? இலவசமாகக் கிடைப்பதை யாரும் அளப்பதில்லை என்பது என் உத்தியோக அனுபவம்.

இன்னொன்று. புதிதாக வருகிறவர்கள் சாதாரணமாக எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார்கள்? நீயும் உன் கணவரும் போவதாக எழுதியிருக்கிறாய். உன் கணவருக்கு எத்தனை நிமிடம்?

பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

தம்பி


ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வார்டில் ஊசி போடப் போனவள் ஊசியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். நோயாளி, "சிஸ்டர், போடறீங்களா, இல்ல நான் எழுந்து போகட்டுமா?" என்றார். பிறகுதான் நினைவு வந்தது. ஒரு பக்கம் முழுக்க நீ என்னைத் திட்டியிருக்கிறாய். பரவாயில்லை. திட்டவாவது எழுதினாயே.

படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. பச்சைச் சட்டை யாரென்று எங்களுக்கும் இன்றுவரை தெரியாது.

ஓட்டத்தைப் பற்றிக் கேட்டாயே, சொல்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் கூடுவோம். பூங்காவைச் சுற்றி, வாய்க்கால் கரையோடு போய், திரும்பி வர வேண்டும். இரண்டு சுற்று. நடத்துகிறவர் ஒரு பஸ் டிரைவர். காசு வாங்குவதில்லை, பரிசும் கொடுப்பதில்லை. போன வாரம் புதிதாக வந்த ஒருவர் அவரிடம், "சார், முதல் தடவைன்னா எத்தனை நிமிஷத்துல முடிக்கணும்?" என்று கேட்டார். டிரைவர், "காலைச் சாப்பாடு வேணும்னா ஒரு மணி நேரத்துல வந்துருங்க. வேணாம்னா மெதுவா வாங்க" என்றார்.

உனக்குக் கணக்கு வேண்டும், எனக்குத் தெரியும். முதலில் வருகிற கல்லூரிப் பையன்கள் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடுவார்கள். அவர்களை விட்டுத் தள்ளு. கூட்டத்தில் பெரும்பாலோர் இருபத்தெட்டிலிருந்து முப்பத்தெட்டுக்குள். என்னைப் போல நேற்று ஆரம்பித்தவர்கள் நாற்பது, நாற்பத்தைந்து. பாதி நடந்து பாதி ஓடினால் ஐம்பது. முழுக்க நடந்தால் அதற்கும் மேல். நான் முதல் வாரம் நாற்பத்தொன்பது. இப்போது நாற்பத்தாறு.

உன் அத்தான் ஐம்பத்தெட்டு. அவர்தான் எப்போதும் கடைசி. அவருக்கு ஓர் ஆரஞ்சு நிற மேலங்கி வேறு கொடுத்திருக்கிறார்கள். மனிதர் சனிக்கிழமைதோறும் அதைப் போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிளம்புகிறார்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். நாலு வருடமாக அந்த வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கிறது. ஒரு சனிக்கிழமை வந்துவிட்டுப் போ.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

ஐம்பத்தெட்டு! கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நாற்பத்தெட்டைத் தவறி ஐம்பத்தெட்டு என்று எழுதிவிட்டாயோ என்று வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன்.

ஐந்து கிலோமீட்டருக்கு ஐம்பத்தெட்டு நிமிடம் என்றால் அதை ஓட்டம் என்று சொல்வது எங்கள் எடையளவு இலாகாவுக்கே அவமானம். சவ ஊர்வலம் அதைவிட வேகமாகப் போகும். ஆரஞ்சு மேலங்கி எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. ரோட்டில் பள்ளம் தோண்டினால் சுற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது கட்டி வைப்பார்கள் இல்லையா, வண்டிக்காரர்கள் பார்த்து ஒதுங்கிப் போக? அதுதான். நல்ல ஏற்பாடு. டிரைவர் அனுபவசாலி.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. தலைமை ஆய்வாளர் பதவியை என்னிடம் முத்திரை பிடிக்கக் கற்றுக்கொண்டவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜன்னலோரம் மின்விசிறிக்கு நேர் கீழே அவனுக்கு நாற்காலி. நேற்று என்னிடம் வந்து, "சார், நீங்க இருக்கற தைரியத்துலதான் நான் இந்த சீட்டுல உக்காந்திருக்கேன்" என்றான். "நான் நின்னுட்டிருக்கற தைரியத்துலன்னு சொல்லு" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். இவர்களிடமெல்லாம் குத்திப் பேசுவதே வீண். உறைக்காது.

ஒரு சின்ன விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு நண்பர், ஏறக்குறைய என் வயதுதான், ஏரிக்கரையில் காலையில் ஓட ஆரம்பித்திருக்கிறார். நானூறு மீட்டரில் மூச்சு முட்டுகிறது என்கிறார். இடது முட்டியில் வலியும் இருக்கிறதாம். தோல் செருப்பு போதுமா, ஷூ வாங்க வேண்டுமா? நர்ஸ் என்ற முறையில் உன் அபிப்பிராயத்தை எழுது. எனக்காக இல்லை.

தம்பி


பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் நண்பரிடம் சொல். தோல் செருப்போடு ஓடுகிறவருக்கு முட்டி வலிக்காமல் வேறு எது வலிக்கும்? ஷூ வாங்கச் சொல். வாங்குவதற்கு முன் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கட்டும். பிறகு இரண்டு ஓடி இரண்டு நடக்கட்டும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஆனால் உன் நண்பருக்குப் பேச ஆள் இருக்காது என்று நினைக்கிறேன். அவர் எல்லோரிடமும் கோபித்துக்கொள்கிறவர் போலத் தெரிகிறது. தனியாகவாவது முணுமுணுத்துக்கொண்டே ஓடட்டும். கடிகாரத்தை மட்டும் பார்க்க வேண்டாம் என்று சொல். பார்க்காமல் இருக்க மாட்டார். இருந்தாலும் சொல்.

நான் போன வாரம் நாற்பத்து மூன்று.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ரோட்டுப் பள்ளத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார். நீ கோபப்படுவாய் என்று தெரியும். அவர் சிரித்தது நிஜம். என்ன செய்ய?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, என் ஆஸ்பத்திரியிலேயே என் வார்டிலேயே ஆறு நாள் படுத்துக் கிடந்தார். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள் அவருக்குப் போட வேறு நர்ஸைக் கூப்பிட்டேன். அன்றைக்கு இரவு உனக்கு எழுதினேன். வா என்றுகூட எழுதவில்லை. இப்படி இருக்கிறது என்று மட்டும்தான் எழுதினேன். ஒரு வரி பதில் இல்லை. படத்தில் விட்டுப்போனதை நீ நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நானும் ஒன்றைச் சொல்லலாம் இல்லையா?

அதற்குப் பிறகுதான் இந்த ஓட்டமெல்லாம். டாக்டர் அவரை நடக்கச் சொன்னார்.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

நீ சொல்லலாம். சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் உன் அந்தக் கடிதம் கிடைத்த அன்றே உன் வார்டுக்குப் போன் செய்தேன். மறுநாளும் செய்தேன். அதற்கு மறுநாளும். நீ எடுத்துவிடக் கூடாது என்று உன் ஷிப்ட் முடிந்த பிறகு செய்தேன். ஒரு நர்ஸ் எடுத்தது. "ஆணிக்கடைக்காரர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன். "நல்லா இருக்காருங்க, நீங்க யாரு பேசறது?" என்றது. என்ன சொல்வது? மைத்துனன் என்றால் ஏன் நேரில் வரவில்லை என்று கேட்கும். "எடையளவு இலாகா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. மூன்றாம் நாள், "இன்னைக்கு எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சாருங்க" என்றது. போதும் என்று விட்டுவிட்டேன். இதைப் பதில் என்று நீ எடுத்துக்கொள்ளாவிட்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

நண்பர் ஷூ வாங்கிவிட்டார். முட்டி வலி போய்விட்டது. ஏரிக்கரையை ஆபீஸ் அளவுச் சக்கரத்தை உருட்டி அளந்து, ஐந்து கிலோமீட்டருக்குக் கோடு போட்டிருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தேழு நிமிடம். இதை மறைப்பதில் இனி அர்த்தம் இல்லை. நண்பர் என்று யாரும் கிடையாது. எனக்கு நண்பர்கள் இல்லை என்பது உனக்கே தெரியும்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். ஏப்ரல் முதல் சனிக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறேன். நிபந்தனைகள் உண்டு. வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் லாட்ஜில் தங்குவேன். உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன். ஓடுவேன். முடித்ததும் திரும்பிவிடுவேன். வருவதற்கு ஒரே ஒரு காரணம்தான். உங்கள் டிரைவர் வெளியிடும் முடிவுகளில் என் பெயர் ஆணிக்கடைக்காரர் பெயருக்கு மேலே இருக்க வேண்டும். குறைந்தது பத்து நிமிடம் மேலே. படத்தில் என்னை விட்டுவிட்ட மனிதர் அந்தப் பட்டியலில் என்னை அண்ணாந்து பார்க்கட்டும்.

அவரிடம் சொல்லிவிடு. சொல்லாமல் வந்து ஜெயித்தேன் என்ற பேச்சு வேண்டாம்.

தம்பி


மார்ச் 9

அட பாவி தம்பி,

அது நீயா!

உனக்குத் தெரியுமா அன்றைக்கு என்ன நடந்தது என்று? அந்த நர்ஸ் நேராக அவர் கட்டிலுக்குப் போய், "ஐயா, எடையளவு ஆபீஸ்லேருந்து தினமும் உங்களைப் பத்தி விசாரிக்கறாங்க" என்று சொல்லிவிட்டது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நெஞ்சில் ஒயர், கையில் ஊசி. அப்படியே கடை ஆளைக் கூப்பிட்டு, "ஆணி நிறுக்கற தராசு, கம்பி நிறுக்கற தராசு, எல்லாத்தையும் இன்னைக்கே கொண்டுபோய் முத்திரை போட்டுட்டு வா. ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துட்டானுங்க" என்றார். படுக்கையில் இருந்தபடியே. டாக்டர் வந்து, ரத்த அழுத்தம் ஏன் ஏறியிருக்கிறது என்று என்னைத் திட்டினார். இரண்டு வருடமாக அந்த இலாகாவை அவர் திட்டாத நாள் கிடையாது. "சாகக் கெடக்கறவனையும் விடமாட்டானுங்க" என்பார்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். பிறகு, "மூணு நாளும் அவனா பண்ணான்?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். நான் சமையலறையில் நின்று சிரித்துக்கொண்டே அழுதேன். இதற்கெல்லாம் காரணம் கேட்காதே.

உன் நிபந்தனைகள் எல்லாம் சரி. லாட்ஜில் கட்டில் நடுவில் குழி விழுந்திருக்கும், போர்வை கொண்டுபோ. நீ வருவதை அவரிடம் சொன்னேன். "வரட்டும். ஆனா எனக்குப் பின்னால அவனால வர முடியாது, சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன். ஆரம்பத்தில் வேகமாக ஓடாதே. எல்லாப் புதியவர்களும் செய்கிற தப்பு அது.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

"எனக்குப் பின்னால் வர முடியாது" என்று ஐம்பத்தெட்டு நிமிடக்காரர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். வாய்க்கொழுப்புக்கு மருந்து இல்லை. நேற்று நாற்பத்தைந்தரை. நல்ல தூக்கம், நல்ல பசி. ஆபீஸில் மாடிப்படி ஏறும்போது புதிய தலைமை ஆய்வாளருக்கு மூச்சு வாங்குகிறது, எனக்கு வாங்கவில்லை. அவன் நின்று மூச்சு வாங்குவதை மேல் படியிலிருந்து பொறுமையாகப் பார்த்தேன்.

வேகமாக ஓடாதே என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அளந்து வாழ்கிறவன்.

தம்பி


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். முடிவுக் கோட்டில் நீ கூப்பிடக் கூப்பிட நிற்காமல் பஸ்ஸுக்குப் போனதற்கு நீ கோபமாக இருப்பாய். போவேன் என்று முன்பே எழுதியிருந்தேன். நடந்ததை உன் கணவர் தன் பக்கத்திலிருந்து சொல்லியிருப்பார். என் பக்கத்தையும் கேட்டுவிடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அளவுச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். இரண்டு தரம் அளந்தேன். உங்கள் ஐந்து கிலோமீட்டர் உண்மையில் ஐந்து கிலோமீட்டர் இருபத்திரண்டு மீட்டர். இத்தனை நாள் ஊரே கூடுதலாக ஓடியிருக்கிறது. காலையில் டிரைவரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்து, "கூடத்தானே சார் இருக்கு? கொறைஞ்சா திட்டுவாங்க, கூட இருந்தா யாரு கேக்கப் போறாங்க?" என்றார். "நான் கேட்கிறேன்" என்றேன். அடுத்த மாதம் கோட்டை நகர்த்திவிடுகிறேன் என்றார்.

ஓட்டம் ஆரம்பிக்கும்போது நான் முன்வரிசையில் நின்றேன். கல்லூரிப் பையன்களோடு. உன் கணவர் பின்னால் எங்கோ ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் மைக்கில், "இது போட்டி இல்லீங்க. ஓடறவங்க ஓடுங்க, நடக்கறவங்க நடங்க. கடைசி ஆள் வர்ற வரைக்கும் நாங்க இங்கயேதான் இருப்போம்" என்றார். போட்டி இல்லையாம். எனக்கு மட்டும்தான் தெரியும் அது போட்டி என்று.

முதல் சுற்று என் வாழ்க்கையிலேயே நான் ஓடாத வேகம். யாரையெல்லாமோ முந்தினேன். நீ அன்று ஓடாமல் வாய்க்கால் திருப்பத்தில் நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு நின்று, "மெதுவா போடா!" என்று கத்தியது காதில் விழுந்தது. விழாத மாதிரி போனேன். இரண்டாவது சுற்றில், நீ முடிவுக் கோட்டுக்குப் போய்விட்ட பிறகு, அதே திருப்பத்தைத் தாண்டி ஐம்பது அடி போயிருப்பேன், வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாதாரணப் பிடிப்பு இல்லை. காலுக்குள் யாரோ திருகாணியை முறுக்குகிற மாதிரி. வாய்க்கால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் முந்தியவர்கள் எல்லோரும் என்னை முந்தினார்கள். பிள்ளையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த பெண் முந்தினாள். நடைக்குச்சி வைத்திருந்த பெரியவர், "நல்லா மூச்சு விடுங்க தம்பி" என்று எனக்குச் சொல்லிவிட்டு முந்தினார். பிறகு ஒருவரும் இல்லை. சரி, ஆணிக்கடைக்காரரும் முன்னால் போயிருப்பார், நான்தான் கடைசி, இந்த ஊரிலும் நான்தான் கடைசி என்று நினைத்தபோது பின்னால் செருப்பு தேயும் சத்தம் கேட்டது.

"என்ன மாப்ள, கால் பிடிச்சிருச்சா?"

நான் வாய்க்கால் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கீழே உட்கார்ந்து என் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்து, கட்டை விரலால் நீவ ஆரம்பித்தார். அப்போதுதான் அவர் முதுகைப் பார்த்தேன். ஆரஞ்சு மேலங்கியில் பெரிய எழுத்தில் "கடைசி ஆள்" என்று எழுதியிருந்தது.

"நீங்க போங்க. முந்திட்டுப் போங்க" என்றேன்.

"முடியாது மாப்ள."

"ஏன் முடியாது?"

"எனக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாது. அதுதான் எனக்குக் குடுத்த வேலை. எவன் கடைசியா வர்றானோ அவனுக்குப் பின்னால நான் வரணும். அவன் நின்னா நானும் நிக்கணும். நாமதான் கடைசின்னு எவனுக்கும் தோணக் கூடாதாம். டிரைவர் ஏற்பாடு."

"அப்ப அந்த ஐம்பத்தெட்டு நிமிஷம்?"

"அது என் நேரம் இல்ல. யார் மெதுவா வர்றாங்களோ அவங்க நேரம். போன மாசம் ஒரு அம்மா ஒரு மணி பத்து நிமிஷம் எடுத்துக்கிட்டாங்க. எனக்கும் அதே ஒரு மணி பத்து."

"தோக்கறதுக்குன்னு சம்பளம் வாங்கிட்டு வர்றீங்களா?"

"சம்பளம் எங்க? ஒரு டீ."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இரண்டு மாதத்துக்கு மேலாக நான் ஒருவரோடு பந்தயம் ஓடியிருக்கிறேன், அவர் ஓடவே இல்லை. இதை எழுதாமல் மறைத்த நீ நன்றாக இருப்பாய்.

பிறகு நடந்தோம். நான் முன்னால், அவர் இரண்டடி பின்னால். பக்கத்தில் வரச் சொன்னேன், மறுத்துவிட்டார். வேலையில் சுத்தம். பாதி தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார்.

"அந்தப் படத்தை உன்கிட்ட ஏன் எடுக்கச் சொன்னேன் தெரியுமா?"

"தெரியும். நான் அதுல தேவையில்லைன்னு."

"போடா. வேற எவன் கையில குடுத்தாலும் தலையை வெட்டிருப்பான், இல்ல சாய்ச்சு எடுத்திருப்பான். ஒரு நூல் அளவு சாஞ்சாலும் உன் கண்ணுக்குத் தெரியும். என் பொண்ணு கல்யாணம், படம் நேரா வரணும்னு நெனச்சேன். அவ்ளோதான். நீ அதுல இல்லைன்னு அப்ப எனக்கு உறைக்கல. அது தப்புதான்."

"இதை அன்னைக்கே வாய் தெறந்து சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். "நம்பியிருக்க மாட்டேன்" என்றேன். "அதான்" என்றார். அதற்குப் பிறகு முடிவுக் கோடு வரை அவர் பேசியதெல்லாம் தராசு முத்திரைக் கட்டணம் ஏன் இவ்வளவு என்பது பற்றித்தான்.

முடிவு: எனக்கு ஐம்பத்தாறு நிமிடம் முப்பத்தொரு விநாடி. உன் கணவருக்கு ஐம்பத்தாறு முப்பத்து மூன்று. பட்டியலில் என் பெயர் அவர் பெயருக்கு மேலே இருக்கிறது. வந்த காரியம் முடிந்தது.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

ஜெயித்துவிட்டாய். வாழ்த்துகள். இரண்டு விநாடி.

இந்தக் கடிதத்தைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். முடிவுக் கோட்டிலிருந்து என் வீடு நடந்து போனால் எட்டு நிமிடம். நொண்டிக்கொண்டு போனாலும் கால் மணி. உனக்கு ஒரு மாற்றுச் சட்டை, வெந்நீர், சாப்பாடு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வர மாட்டாய் என்று எழுதியிருந்தாய், தெரியும். இருந்தும் வைத்திருந்தேன். நீ அந்தக் காலோடு பஸ் ஏறப் போவதைப் பார்த்துக்கொண்டு கையில் கடிகாரத்தோடு நின்றேன். அதை நிறுத்த மறந்து அது ஓடிக்கொண்டே இருந்தது.

மேலங்கியைப் பற்றி முன்பே சொல்லாதது என் தப்புதான். சொல்லியிருந்தால் நீ வந்திருக்க மாட்டாய். திரும்பவும் அப்படியேதான் செய்வேன்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். அவர் எத்தனை நிமிடத்தில் ஓடுவார் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. ஒரு வருடமாக அடுத்தவர் நேரத்தில்தான் வந்துகொண்டிருக்கிறார். ஜனவரியிலேயே டாக்டர், "இனி மெதுவா ஓடலாம்" என்று சொல்லிவிட்டார். இவர் ஷூகூட வாங்கி வைத்திருக்கிறார், இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது. மேலங்கியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எல்லோருக்கும் தங்கள் நேரம் வேண்டும். கடைசியாக வருவதற்கு எவனும் கை தூக்குவதில்லை. டிரைவர் வாரா வாரம் கேட்கிறார், எல்லோரும் ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொள்கிறார்கள்.

நீ என்னவோ அவரைத் தோற்கடித்துவிட்டேன் என்கிறாய்.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். மதியமே உங்கள் டிரைவருக்கு எழுதிவிட்டேன். இரண்டு விஷயங்கள்.

ஒன்று, ஆரம்பக் கோட்டை இருபத்திரண்டு மீட்டர் முன்னால் நகர்த்தும்போது நானே இருந்து அளந்து தருகிறேன், கண்ணளவில் நகர்த்த வேண்டாம் என்று. அதற்குப் பிறகு ஊரில் ஆளுக்கு எட்டு ஒன்பது விநாடி குறையும். எல்லோரும் தங்கள் உடம்பு தேறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு ஒருவரும் நன்றி சொல்லப் போவதில்லை. எனக்கு அது பழக்கம்தான்.

இரண்டு, மே மாதம் முழுக்க அந்த ஆரஞ்சு மேலங்கி எனக்கு. வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். கடைசியாக நிற்பதில் எனக்கு இருபத்தேழு வருட அனுபவம் இருக்கிறது, தகுதிக்கு வேறு சான்று வேண்டியதில்லை என்றும் எழுதினேன்.

இது பெருந்தன்மை என்று நீ நினைத்துவிடாதே. ஓடாத மனிதரை இரண்டு விநாடியில் ஜெயித்தது முத்திரை இல்லாத தராசில் நிறுத்த மாதிரி. செல்லாது. அவர் அந்த ஷூவைப் பெட்டியிலிருந்து எடுக்கட்டும். முன்னால் ஓடட்டும். அவருடைய சொந்த நேரம் எவ்வளவு என்று டிரைவரின் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். நாற்பத்தைந்தரைக்கு மேல் என்றால் ஜூனில் சரியாக ஒரு பந்தயம். கீழே என்றால் ஜூலையில். எனக்குப் பயிற்சிக்கு நேரம் வேண்டும். முதல் வாரம் அவரை வேகமாக ஓடாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு. மூச்சு வாங்கினால் நிற்கச் சொல். பின்னால் நான் வந்துகொண்டுதான் இருப்பேன்.

மே முதல் சனிக்கிழமைக்கு முன்தினம் சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். அந்த லாட்ஜ் கட்டிலில் இன்னொரு முறை படுத்தால் முதுகு போய்விடும். ஹாலில் ஒரு பாய் போதும். மாற்றுச் சட்டையும் வெந்நீரும் நீ இன்னும் எடுத்து வைத்திருந்தால் சரி.

படத்தைக் கழற்ற வேண்டாம். ஜனவரியில் எழுதிய காரணத்துக்காக இல்லை. நாலு வருடமாக உங்கள் சுவரில் ஒரு நூல்கூடச் சாயாமல் இருக்கிறது என்றால் அது நான் எடுத்த படம். கீழ் மூலையில் சின்னதாக, "எடுத்தவர்: தாய்மாமன்" என்று எழுதச் சொல். உன் கையெழுத்து கோணல். அத்தான் எழுதட்டும்.

தம்பி